படைப்புப் பாடத்துக்கு நான்கு ஞாயிறுகள் ஒதுக்குங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுக்கும் குருக்களுக்கும் போதகர்களுக்கும்,

கிறிஸ்துவில் அன்பானவர்களே,

தொடக்கநூலின் முதல் மூன்று அதிகாரங்களை ஒரே ஞாயிறில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஆறு நாளில் உலகம், ஆதாம், ஏவாள், பாம்பு, பழம், தண்டனை என்று எல்லாம் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடி முடிகின்றன. பிள்ளை கடைசியாகக் கேட்டது தண்டனையை. வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதைத்தான். கடவுள் கோபக்காரர், மனிதர் பிறவியிலேயே கெட்டவர் என்ற இரண்டு பிழையான எண்ணங்கள் அங்கேதான் ஊன்றப்படுகின்றன. இந்த மூன்று அதிகாரங்களுக்கும் நான்கு ஞாயிறுகள் ஒதுக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம். ஆதியாகமம் என்று வாசிக்கும் சபைகளுக்கும் இங்கே தரும் வசன எண்கள் அப்படியே பொருந்தும்.

முதல் ஞாயிறு 1:1 முதல் 2:3 வரை மட்டும். ஏழு அட்டைகள் போதும். ஒன்று, இரண்டு, மூன்றாம் நாள்களை இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். நான்கு, ஐந்து, ஆறாம் நாள்களை அவற்றுக்கு நேரெதிரே வலப்பக்கம் ஒட்டுங்கள். ஒளியும் இருளும் பிரிந்த முதல் நாளுக்கு எதிரே சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் வரும். வானமும் நீரும் பிரிந்த இரண்டாம் நாளுக்கு எதிரே பறவையும் மீனும் வரும். தரையும் செடிகொடியும் தோன்றிய மூன்றாம் நாளுக்கு எதிரே விலங்கும் மனிதரும் வரும். முதல் மூன்று நாளில் இடம் ஆயத்தமாகிறது, அடுத்த மூன்று நாளில் அங்கே குடிகள் வருகிறார்கள் என்பதை பிள்ளைகளே கண்டு சொல்லட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஓய்வுநாள் அட்டையை இரண்டு வரிசைக்கும் மேலே வையுங்கள். பிறகு, கடவுள் கண்டு நல்லது என்ற இடங்களை அவர்களைக் கொண்டே தேடுவியுங்கள். 4, 10, 12, 18, 21, 25, 31 ஆகிய ஏழு வசனங்களில் அது வருகிறது. கடைசித் தடவை ‘மிகவும்’ என்ற சொல்லும் சேர்கிறது.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் எழும். சூரியன் நான்காம் நாள்தான் வந்தது என்றால், முதல் மூன்று நாளும் மாலையும் காலையும் எப்படி வந்தன? சிலர் இதற்கு விசுவாசக் குறைவு என்று வாயை அடைக்கிறார்கள். வேறு சிலர் வேதத்தில் இல்லாத ஒரு விளக்கத்தைக் கட்டிச் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இதே கேள்வியை 3ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் பேரறிஞர் ஓரிகனே கேட்டார். அந்த நாள்களை நம்முடைய சாதாரண நாள்களாகக் கொள்ள முடியாது என்று புனித அகுஸ்தீனும் எழுதினார். அவர் இறந்தது 430இல்; தொலைநோக்கிக்கும் டார்வினுக்கும் வெகு காலத்துக்கு முன். விஞ்ஞானத்துக்குப் பயந்து திருச்சபை பின்னர் கண்டுபிடித்த சமாளிப்பு அல்ல இது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை கூர்ப்பை (பரிணாமத்தை) படிக்கிறது. குடும்பிமலைப் பாறையின் வயது ஐம்பது கோடி ஆண்டுகளைத் தாண்டும். உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்பது வேதவசனம் அல்ல. வம்சவரலாறுகளைக் கூட்டி அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. மனித உடலின் கூர்ப்பை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் எழுதினார். ஆறு நாளையும் 24 மணித்தியால நாளாகவே கொள்ளும் சபைகள் கிறிஸ்தவர்களிடையே உண்டு. அந்தச் சபைகளின் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: அதை இரட்சிப்பின் நிபந்தனையாகப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பாடசாலைப் பாடமா, கடவுளா என்று தெரிவுசெய்யச் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் கோவிலை விட்டு மெல்ல விலகிவிடுவார்கள்.

இரண்டாம் ஞாயிறு, மனிதர் யார் என்பது. 1:26–28ஐயும் இரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் செடி, விலங்கு, மனிதர் என்ற வரிசை. இரண்டாவதில் மனிதன், மரங்கள், விலங்குகள், பெண் என்ற வரிசை. இந்த வேறுபாட்டை ஒளிக்க வேண்டாம். இரண்டையும் அருகருகே வைத்த முன்னோருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அக்காலத்து எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் கடவுளின் சாயல் என்று சொல்லப்பட்டவன் அரசன். தொடக்கநூல் அதே பெருமையை ஆணுக்கும் பெண்ணுக்கும், எல்லா மனிதருக்கும் கொடுக்கிறது. அந்தச் சாயல் மூன்றாம் அதிகாரத்தோடு அழிந்துபோவதில்லை. வெள்ளத்துக்குப் பிறகும் 9:6 அதைச் சொல்கிறது. யாக்கோபு 3:9 திரும்பவும் சொல்கிறது. சாதி பார்த்து ஒரு பிள்ளையைப் பின்வாங்கில் இருத்துவதும், மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பாவத்தின் அடையாளமாகப் பேசுவதும் இந்த வசனங்களுக்கு நேர் எதிரான செயல்கள். அதை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லுங்கள். 1:28இல் வரும் ஆளுகையை 2:15ஓடு சேர்த்தே படிப்பியுங்கள்: தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அங்கே வைக்கப்பட்டான். வாவிக்கரையில் கண்டல் மரங்களை வெட்டுவதற்கு 1:28இல் அனுமதி இல்லை.

மூன்றாம் ஞாயிறுதான் கவனம் மிக வேண்டிய நாள். சுவர்ப்படங்களில் தொங்கும் ஆப்பிள் வேதத்தில் இல்லை. பழம் என்று மட்டுமே இருக்கிறது. பாம்பு சாத்தான் என்று இந்த அதிகாரம் சொல்லவில்லை. அந்தத் தொடர்பை வெளிப்படுத்தல் 12:9இல் வாசிக்கலாம். 3:14இலும் 3:17இலும் யார் சபிக்கப்படுகிறார்கள் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். பாம்பு சபிக்கப்படுகிறது, நிலம் சபிக்கப்படுகிறது. ஆணையும் பெண்ணையும் கடவுள் சபிக்கவில்லை. அவர்களுக்குத் துன்பத்தை அறிவிக்கிறார், பிறகு 3:21இல் தோலாடை செய்து உடுத்துகிறார். இந்த 21ஆம் வசனத்தை வாசிக்காமல் வகுப்பைக் கலைக்காதீர்கள். பெண்ணைக் கணவன் ஆள்வான் என்ற 3:16 பாவத்தின் விளைவைச் சொல்லும் வசனம். முதலாம், இரண்டாம் அதிகாரங்களில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மனைவியை அடிக்கிறவனுக்கு இந்த வசனத்தை ஆயுதமாகக் கொடுப்பது பெரிய பாவம்.

பிறப்புநிலைப் பாவத்தை விளக்கும்போது ஆதாம் செய்த குற்றத்துக்காகக் குழந்தை தண்டிக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டாம். அது பிள்ளை தானே செய்த செயல் அல்ல, பெற்றுக்கொண்ட நிலை என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 404ஆம், 405ஆம் பத்திகளில் விளக்குகிறது. மனித இயல்பு காயப்பட்டிருக்கிறது, முற்றாகக் கெட்டுவிடவில்லை என்பது அதன் போதனை. சீர்திருத்தச் சபைகள் இன்னும் கடுமையாகப் பேசும். ஆனால் அங்கேயும் கருத்து, மனிதரின் எந்தப் பகுதியும் பாவத்துக்குத் தப்பவில்லை என்பதுதான். ஒவ்வொருவரும் முழுக் கொடியவர் என்பது அல்ல. கல்முனையிலோ ஏறாவூரிலோ முஸ்லிம் நண்பர்களோடு படிக்கும் பிள்ளைகள் ஆதாமைப் பற்றி அவர்களோடு பேசத்தான் செய்வார்கள். ஒரே படைப்பாளர் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன, பரம்பரையாக வரும் பாவத்தை இஸ்லாம் ஏற்பதில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொடுங்கள்.

நான்காம் ஞாயிறைத் துன்பத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டங்களில் இதைத் தவிர்க்க முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களும், 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்த பிள்ளைகளும் நம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே லூக்கா 13:4இல் சொல்கிறார். யோவான் 9:3இலும் எசேக்கியேல் 18:20இலும் இதே திசையில் பதில் இருக்கிறது. ‘அப்படியானால் ஏன்?’ என்று பிள்ளை கேட்டால், முழு விடை எங்களிடம் இல்லை என்று சொல்லலாம். திருப்பாடல் 88ஐ வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி கிடையாது. அப்படி முறையிடுவதும் செபம்தான் என்று சொல்லுங்கள். அன்று பிள்ளைகளைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்; பெயரின்றி எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். அழுகிற பிள்ளையோடு வெளியே போய் இருக்க இன்னோர் ஆசிரியரையும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம் வகுக்கிறவர்களுக்கு: அடுத்த ஆண்டு அட்டவணை அச்சுக்குப் போகுமுன் இந்த நான்கு ஞாயிறுகளையும் தொடர்ச்சியாகக் குறித்துவிடுங்கள். நடுவில் விளையாட்டுப் போட்டியோ திருவிழா ஒத்திகையோ வராத மாதமாகப் பாருங்கள். மூன்றாம் பாடத்துக்கும் நான்காம் பாடத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பிள்ளை பல வாரம் தண்டனையோடேயே நிற்கும்.