விசிட் கணக்கு

ஹூஸ்டன்

அன்புள்ள கலா,

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தவறாமல் போகிறதா? நீ அனுப்பிய, நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஹோம் ஹெல்த் நர்ஸ் வேலை விளம்பரத்தைப் பார்த்தேன். விசிட்டுக்கு இவ்வளவு டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஆறு விசிட் என்று அதை அப்படியே ஆறால் பெருக்கிவிடாதே.

ஹோம் ஹெல்த்தில் எல்லா விசிட்டும் ஒன்றல்ல. மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீடு) நோயாளி புதிதாக வந்தால், டாக்டர் வேறு தேதி குறிக்காதவரை, அவரைப் பார்க்கச் சொல்லும் ரெஃபரல் வந்தோ, அவர் வீடு திரும்பியோ 48 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். ஓயாசிஸ் என்ற நோயாளி மதிப்பீட்டுப் படிவத்தை 5 நாளுக்குள் முடிக்க வேண்டும்: மூச்சு, நடை, குளியல், ஞாபகம், புண் என்று பக்கம் பக்கமாக நீளும். மருந்துப் பாட்டில்களை எல்லாம் மேசையில் பரப்பி டிஸ்சார்ஜ் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருப்பது அங்கேதான் பிடிபடும். நோயாளி வீட்டில் இரண்டு மணி, பிறகு லேப்டாப்பில் இரண்டு மணி. இதற்கு 100 டாலர் என்றால் மணிக்கு 25தான், கார் ஓட்டும் நேரம் சேராமல்.

சாதாரண விசிட் என்று பெயர் வைத்ததிலும், புண்ணில் ஃபோம் வைத்து மூடி மெஷினால் உறிஞ்சும் வாக்யூம் டிரெஸ்ஸிங் வரும். உள்ளே வைத்த ஃபோம் துண்டுகளின் எண்ணிக்கையையும் தேதியையும் மேலே ஒட்டும் பிளாஸ்டிக்கிலேயே எழுத வேண்டும். அடுத்து வருகிறவர் எண்ணித்தான் எடுப்பார். ஒன்று உள்ளே தங்கினால் சதை அதைச் சுற்றி வளர்ந்து சீழ் பிடிக்கும். முதுகின் அடிப்பக்கப் புண்ணில் மடிப்பு வழியே காற்றுக் கசிந்து மெஷின் கத்தும். பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். ஆனால் பல இடங்களில் காசு என்னவோ இன்சுலின் விசிட்டுக்கு உள்ளதுதான்.

2020 முதல் மெடிகேர், நர்ஸை அனுப்பும் ஏஜென்சிக்கு 30 நாள் கணக்கில் தொகை தருகிறது. அந்த 30 நாளில் விசிட் குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் போகும் விசிட்டுக்குத் தனிப் பணம் இல்லை. அதனால் விசிட்டைக் குறைப்பார்கள். போகிற ஒவ்வொன்றிலும் வேலை கனக்கும்.

இதையெல்லாம் ஏஜென்சியிடம் எழுத்தில் கேள்: முதல் விசிட்டுக்குச் சாதாரண விசிட்டைப் போல எத்தனை மடங்கு காசு? கதவு தட்டியும் ஆள் இல்லையென்றால் காசு உண்டா? கூப்பிட்டால் போகத் தயாராக இருக்கும் ஆன்கால் எத்தனை இரவு? எந்தெந்த ஜிப்கோடு பகுதிக்குப் போக வேண்டும்? சொந்தக் காருக்கு மைலுக்கு எவ்வளவு? வரித்துறை 2025இல் வைத்த கணக்கு 70 சென்ட், ஆனால் டெக்ஸாஸில் ஏஜென்சி அதையே தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. மணிக்கூலி என்றால் நோயாளிக்கும் நோயாளிக்கும் இடையே ஓட்டுவது வேலை நேரம். வீட்டிலிருந்து முதல் நோயாளிவரை பொதுவாகச் சேராது.

என்னைக் கேட்டால் நீ முதலில் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்ப்பதுதான் நல்லது. இருந்தாலும் ஏஜென்சிக்காரர்கள் பதில் போட்டதும் அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா