ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். யாங்கோன்ல 9 வருஷமா இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறேன், கொரியாவுல டீச்சர் வேலை வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் சொன்னத நம்பி சேத்து வச்ச காசெல்லாம் குடுத்துட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சது அங்க இங்கிலீஷ் டீச்சருக்குக் குடுக்குற ஈ-2 விசா பொதுவா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட்டுக்குத்தானாம். தென்னாப்பிரிக்கா டர்பன் தமிழ்ப் பிள்ளை போகலாம், நம்ம மியான்மர் தமிழ்ப் பிள்ளைக்கு வழியில்ல, ரெண்டு பேரு பாட்டனும் கப்பலேறி வந்தவங்கதானே ஐயா? மனசு ஆறல.

தாய்லாந்துல நம்மளையும் எடுக்குறாங்க, ஆனா டிகிரி வேணும், டோயிக், ஐஎல்ட்ஸ் மாதிரி இங்கிலீஷ் பரீட்சை ஸ்கோரும் காட்டணும். பிள்ளைங்களா, முதல்ல பரீட்சைக்குக் கட்டுங்க. சம்பளம், வொர்க் பெர்மிட் ரெண்டையும் ஸ்கூல்கிட்டயே நேரா கேளுங்க, டூரிஸ்ட் விசாவுல போய் வேலை பாக்கச் சொன்னா போகாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யாங்கோன்