தாழ்த்திய காருக்கு எத்தனை கிலோ ஸ்பிரிங்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. அம்மா பின் சீட்டில் ஏறவே தயங்குகிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் உனக்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. நீ அனுப்பிய அளவுகளை வைத்துக்கொண்டு முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நீ கேட்டது இதுதான்: முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ ஸ்பிரிங்கை (ஒரு மி.மீ. சுருங்க அத்தனை கிலோ சுமை வேண்டும் என்று அர்த்தம்) கழற்றிவிட்டு, கிடைப்பதில் மிக மென்மையானதாக ஒரு செட் போட்டுவிடலாமா? வேண்டாம். தாழ்த்திய காரில் அளவுக்கு மீறி மென்மையான ஸ்பிரிங், கடினமான ஸ்பிரிங்கைவிட மோசமாக அடிக்கும். காரை இறக்கியபோதே சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தைக் குறைத்துவிட்டாய். மென்மையான ஸ்பிரிங்குக்கோ அதிக இடம் தேவை. இடம் தீர்ந்த நொடியில், ஆட்டத்தை அடக்கும் ஷாக், கடைசித் தடுப்பாக இருக்கும் ரப்பர் அல்லது நுரைக் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். 4 கிலோ ஸ்பிரிங் என்றால், அதுவரை 4 கிலோவாக இருந்த எதிர்ப்பு சட்டென்று பல மடங்கு ஏறிவிடும். முதுகில் விழும் அடி அதுதான். ஆகவே, உனக்கு மிச்சமிருக்கும் இடத்துக்குள் அடங்குகிற ஸ்பிரிங்குகளில் எது மிக மென்மையானதோ, அதைத்தான் தேட வேண்டும்.

ஒன்றை முதலில் உறுதி செய்துகொள். எல்லா அதிர்வும் ஸ்பிரிங்கால் வருவதில்லை. சின்னச் சின்ன விளிம்புகளிலும் தார் ஒட்டுப்போட்ட இடங்களிலும் 'டக் டக்' என்று கையில் தெரிந்தால் டயர் காற்று, டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரின் உடலோடு பிணைப்பது), ஷாக்கின் கம்ப்ரஷன் (அமுங்கும்போது அது காட்டும் தடுப்பு) ஆகிய மூன்றைத்தான் பார்க்க வேண்டும். ரப்பர் இல்லாத இரும்புக் குண்டு வகை டாப் மவுண்ட் போட்டிருந்தால், எந்த ஸ்பிரிங்கும் அந்தச் சத்தத்தைப் போக்காது. பெரிய பள்ளத்தில் மட்டும் 'டம்' என்று ஒரே அடி என்றால் பம்ப் ஸ்டாப். நேரான சாலையில் வேகமாகப் போகும்போது கார் குதிரைபோல முன்னும் பின்னும் ஆடினால், அது ஸ்பிரிங் விஷயம். நீ எழுதியதைப் பார்த்தால் உன் தொல்லை முக்கியமாக மூன்றாவது. பின் சீட்டுக்காரருக்குத்தான் அந்த ஆட்டம் அதிகம் தெரியும்.

இப்போது கணக்கு. முன்பக்கம் ஒரு மூலையின் எடை 350 கிலோ என்று எழுதியிருக்கிறாய். அதில் சக்கரம், பிரேக், ஹப், லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் கையில்) பாதி எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோ. அதை ஸ்பிரிங் தாங்குவதில்லை. மீதி 310. பின்னால் 255-இல் 35 போக 220. சக்கரத்தை 100 மி.மீ. தூக்கினால் முன் ஸ்பிரிங் 95 மி.மீ., பின் ஸ்பிரிங் 80 மி.மீ. சுருங்குகிறது என்று அளந்திருக்கிறாய்; நல்ல வேலை செய்தாய், இந்த அளவைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். இந்த விகிதத்தை அதனாலேயே பெருக்க வேண்டும். முன்னால் 0.95 × 0.95 = 0.90, பின்னால் 0.8 × 0.8 = 0.64. அப்படியானால் 8 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 7.2 கிலோவாக வேலை செய்கிறது. 6 கிலோ ஸ்பிரிங் 3.84 ஆகத்தான் வேலை செய்கிறது. பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்து முன்னையும் பின்னையும் ஒப்பிடுவது எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரியும்.

அடுத்து, வண்டி விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று பார்க்கலாம். எடையை, சக்கரத்தில் வேலை செய்யும் அந்த எண்ணால் வகு: முன்னால் 310 ÷ 7.2 = 43 மி.மீ. 15.8-ஐ (புவியீர்ப்பிலிருந்து வரும் மாறாத எண்) அந்த 43-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.4 ஹெர்ட்ஸ். பின்னால் 220 ÷ 3.84 = 57 மி.மீ., 2.1 ஹெர்ட்ஸ். கம்பெனியிலிருந்து வரும் சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரைக்குள் இருக்கும். 2-க்கு மேல் போனால் அது பந்தயத் தடத்துக்கு ஏற்ற விறைப்பு.

ஆனால் 2.4-ஐவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பின்பக்கம் முன்பக்கத்தைவிட மெதுவாக இருப்பது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பின்பக்கம் சற்றுத் தாமதித்துத்தான் ஆடத் தொடங்கும். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்னதை எட்டிப்பிடித்து, உடல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கும். மெதுவாக ஆடினால் மூக்கு இறங்கும்போது வால் எழும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டறிந்து சொன்னது இது. பின்பக்கம் 10 முதல் 20 சதவீதம் வேகமாக இருக்கட்டும் என்பது இன்றும் நல்ல தொடக்கப் புள்ளி. உன் காரில் அது தலைகீழாக இருக்கிறது.

இப்போது முன்னால் 5 கிலோ ஸ்பிரிங் போட்டதாக வைத்துக்கொள். சக்கரத்தில் 4.5. 310 ÷ 4.5 = 69 மி.மீ., 1.9 ஹெர்ட்ஸ். பின்னால் இருக்கும் 2.1 இதைவிடச் சரியாகப் பத்து சதவீதம் அதிகம்! அதாவது பின் ஸ்பிரிங்கை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அம்மா உட்காரும் சீட்டுக்கு மருந்து முன் சக்கரத்தில் இருக்கிறது.

ஏன் 4 கிலோ கூடாது? ஷாக்கின் தண்டில் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டி, அது எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்ததில், வழக்கமான பாதையில் முன் ஷாக்கின் தண்டு 30 மி.மீ. வரை உள்ளே போகிறது, பம்ப் ஸ்டாப்பைத் தொட 45 மி.மீ. இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதே அடியை வாங்க 5 கிலோ ஸ்பிரிங்குக்கு 8/5-இன் வர்க்கமூலம், அதாவது 1.26 மடங்கு இடம் வேண்டும்: 38 மி.மீ. 4 கிலோவுக்கு 1.41 மடங்கு: 42 மி.மீ. ஷாக்கின் தடுப்பு இதில் கொஞ்சம் கூட்டும் குறைக்கும், ஆனாலும் ஒப்பிட இந்தக் கணக்கு போதும். பக்கத்துச் சீட்டில் ஒருவர் ஏறினால் முன் மூலைக்குச் சுமார் 17 கிலோ கூடும். 5 கிலோ ஸ்பிரிங்கில் கார் இன்னும் 4 மி.மீ. இறங்கும்; 42-இல் நிற்கும், தப்பித்தோம். 4 கிலோவில் 5 மி.மீ. இறங்கி 47 ஆகும். ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்தான். காரை 15 மி.மீ. உயர்த்த மனம் இருந்தால் 4 கிலோவும் சரிதான். அப்போது பின்னால் 5 கிலோவுக்கு மாற வேண்டும். உயர்த்தச் சொல்வேன், நீ கேட்கமாட்டாய் என்பதும் தெரியும். உயரத்துக்கு ஆதரவாக ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காரைத் தள்ளி நின்று பார். லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே இருந்தால், கார் இறங்கியதைவிட ரோல் சென்டர் (திருப்பத்தில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். திருப்பத்தில் சாய்வு கூடும். 10 மி.மீ. உயர்த்தினால்கூட அது நன்றாகவே குறையும்.

ஸ்பிரிங்கின் நீளத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள், இங்கே நிதானமாகப் படி. ஸ்பிரிங் மேல் வரும் சுமை 310 ÷ 0.95 = 326 கிலோ. உன் 200 மி.மீ. நீள 8 கிலோ ஸ்பிரிங் அதில் 41 மி.மீ. சுருங்கி 159 மி.மீ.யில் நிற்கிறது. 5 கிலோ ஸ்பிரிங் 65 மி.மீ. சுருங்கும். அதே 159-இல் நிற்க அதன் நீளம் 224 இருக்க வேண்டும். ஆகவே 225 மி.மீ. வாங்கு, கீழ்த் தட்டை (ஸ்பிரிங் உட்காரும், மரையில் சுற்றி ஏற்றி இறக்கும் தட்டு) நகர்த்தாமலே கார் இருந்த உயரத்தில் இருக்கும். அதே 200 மி.மீ. நீளத்தில் 5 கிலோ வாங்கினால் தட்டை 24 மி.மீ. மேலே ஏற்ற வேண்டிவரும், ஸ்பிரிங் 135 மி.மீ.யிலேயே நிற்கும், பள்ளத்தில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஒட்டிய ஸ்பிரிங் ஒரு இரும்புக் குழாய்தான். ஷாக்கின் டாப் மவுண்ட் உடைவதும் தட்டு வளைவதும் இப்படித்தான்.

வாங்கும்போது 'முழுதாக அமுக்கினால் எத்தனை மி.மீ. நீளம்' என்று கேள். 225 மி.மீ. ஸ்பிரிங் 159-இல் நிற்கும்போதே 66 மி.மீ. போய்விடும்; பம்ப் ஸ்டாப்பைத் தொட 45; உன் 40 மி.மீ. பம்ப் ஸ்டாப் நசுங்க இன்னொரு 25, பாதுகாப்புக்கு 10. மொத்தம் 146. 225-இலிருந்து கழித்தால் 79. முழுதாக அமுங்கிய நீளம் அதற்கு மேல் இருந்தால் அந்த ஸ்பிரிங் வேண்டாம். உள்விட்டமும் பார்த்துக்கொள்: 60, 62, 63.5, 65 மி.மீ. என்று நான்கு வகை சந்தையில் சுற்றுகிறது. 62-க்கான தட்டில் 63.5 உட்காரும், ஆனால் ஒரு பக்கமாக நகர்ந்து, ஸ்பிரிங் ஷாக்கின் உடலை உரசிக்கொண்டே இருக்கும். அளவு தெரியாவிட்டால் பழைய ஸ்பிரிங்கை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடு. 3–6 கிலோ என்று இரண்டு எண் போட்ட ஸ்பிரிங்கைத் தவிர்த்துவிடு. நெருக்கமான சுருள்கள் காரின் எடையிலேயே மூடிக்கொண்டால் ஓட்டும்போது உனக்குக் கிடைப்பது அந்த 6-தான்.

பொருத்தும்போது: கீழ்த் தட்டு எந்த மரையில் நிற்கிறது என்று மேலிருந்து அளந்து எழுதிவை. தட்டை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு ஸ்பிரிங்கை மாட்டி, டாப் மவுண்ட் நட்டை இறுக்கிய பின்பே தட்டைப் பழைய இடத்துக்கு ஏற்று. தண்டு கீழே இறங்க உனக்கு 50 மி.மீ. இருப்பதால், சக்கரம் தொங்கும்போது புது ஸ்பிரிங் 16 மி.மீ. அமுங்கிய நிலையில் இருக்கும். கிட்டத்தட்ட 80 கிலோ விசை. மரையைப் பிரஷ்ஷால் துடைத்துக் கிரீஸ் தடவிவிட்டால் ஸ்பேனரால் ஏற்றிவிடலாம். பழைய ஸ்பிரிங் அந்த நிலையில் 9 மி.மீ. தளர்ந்துவிடும், அதனால்தான் ஜாக்கி போட்டு இறக்கும்போதெல்லாம் 'கிளங்க்' என்று கேட்டது. அந்தச் சத்தமும் இத்தோடு போகும். ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைத்தால் கடினமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 5 கிலோ ஸ்பிரிங், சுமை அதைத் தாண்டிய பிறகு, 5 கிலோதான்.

உன் ஷாக்கில் உயரத்தைக் கீழ் பிராக்கெட்டிலும் மாற்றலாம் என்று எழுதியிருக்கிறாய். இந்த வேலையில் அதைத் தொடாதே. அதே 200 மி.மீ. நீள 5 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு, கார் இறங்கிவிட்டதே என்று கீழ் பிராக்கெட்டைச் சுற்றி உயர்த்தினால் வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே தண்டு 24 மி.மீ. ஆழமாக உட்கார்ந்திருக்கும். உன் 45 மி.மீ., 21 ஆகிவிடும்.

பம்ப் ஸ்டாப்பை எடுத்துவிடச் சொல்லுவார்கள், கேட்காதே. நுரை வகை பம்ப் ஸ்டாப்பின் ஒல்லியான முனைதான் மெதுவாக வாங்கும் பகுதி, அதை வெட்டினால் அடி இன்னும் கூர்மையாகும்.

ஸ்பிரிங் மாறியதும் ஷாக்கின் ரிபவுண்டை, அதாவது ஸ்பிரிங் நிமிரும்போது அது காட்டும் தடுப்பை, குறைக்க வேண்டும். 8 கிலோவுக்குச் சரியாக இருந்த தடுப்பு 5 கிலோவுக்கு 26 சதவீதம் அதிகம். குறைக்காவிட்டால், தொடர்ந்து நாலைந்து மேடு வரும் இடத்தில் ஸ்பிரிங் நிமிர நேரம் கிடைக்காமல் கார் படிப்படியாகக் கீழே இழுபட்டு, கடைசி மேட்டில் பம்ப் ஸ்டாப்பை அடிக்கும். ஸ்பிரிங்தான் போதவில்லை என்று தோன்றும். முதலில் ஷாக்கின் ரிபவுண்ட் திருகை முழு மென்மைக்குத் திருப்பு. அதிலிருந்து இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றி, மேட்டைத் தாண்டியதும் ஒரே மூச்சில் மேலே வந்து அடங்கும் இடத்தில் நிறுத்து. முழு மென்மையிலும் மந்தமாகவே எழுந்தால் ஷாக்கின் வால்வையே மாற்ற வேண்டும், கிளிக்கால் ஆகாது.

லோயர் ஆர்ம் போல்ட்டுகளைக் கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது இறுதியாக இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும், சீக்கிரம் கிழிந்தும் போகும். இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் உயரத்தை மறுபடி அளந்து, அதன்பிறகே வீல் அலைன்மென்ட். டயர், சக்கரத்துக்கு மேலுள்ள உறையான ஃபெண்டர் லைனரில் உரசிய தடம் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்.

முன்பக்கம் மென்மையானதும் திருப்பத்தில் மூக்கு முன்பைவிட நன்றாகத் திரும்பும். அதற்கு ஈடாகப் பின்பக்கத்தின் பிடி சற்றுக் குறையும். ஈரச் சாலையில் முதல் சில நாட்கள் நிதானமாக ஓட்டு. பின் ஆன்டி ரோல் பாரில் (திருப்பத்தில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) இரண்டு துளை இருந்தால் மென்மையான துளைக்கு மாற்று. அதாவது பாரின் நுனிக்கு அருகில் இருப்பது.

மாட்டியபின் மறுபடியும் அந்தக் கேபிள் டையைக் கட்டி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அதே பாதையில் ஒரு முறை போய்வா. எத்தனை மி.மீ. என்று எழுது. 40-க்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். 45-ஐத் தொட்டிருந்தால் கீழ்த் தட்டை 5 மி.மீ. ஏற்றிவிட்டு மறுபடி அளப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்