ஈரவாயுவும் வென்சுரிமானியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயுக் குழாய்களைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, குழாயின் குறுகிய கழுத்தில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாலே பாய்வின் அளவு தெரிந்துவிடும் என்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் வென்சுரிமானிக்கு, அதாவது நடுவில் குறுகிய கழுத்துள்ள பாய்வளவுக் கருவிக்கு, அது சரி. அங்கே குழாய் முழுவதும் ஓடுவது ஒரே பாய்மம். கிணற்றிலிருந்து நேரே வரும் வாயுவோ தண்ணீரையும் இலேசான எண்ணெயையும் இழுத்துக்கொண்டே வருகிறது. இதைத்தான் ஈரவாயு என்கிறோம்.

அத்திரவத்தில் ஒரு பகுதி சுவரை ஒட்டிப் படலமாக ஊர்கிறது. மீதி துளிகளாகப் பறக்கிறது. கழுத்தில் வேகமெடுக்கும் வாயு தன்னைவிடப் பல மடங்கு அடர்த்தியான துளிகளையும் முடுக்க வேண்டியிருப்பதால், அழுத்தம் கூடுதலாக விழுகிறது. மானிக்கு அந்த வேறுபாடு தெரியாது, வாயுவே அதிகம் என்று காட்டிவிடும். நடுவில் துளையிட்ட ஆரிஃபிஸ் தகடுகளுக்காக மர்டாக் என்ற பொறியாளர் 1962-இல் வெளியிட்ட எளிய சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடலாம். வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோ, திரவத்தின் அடர்த்தி 800 கிலோ என்று கொண்டால், கன அளவில் வாயுவின் நாற்பதில் ஒரு பங்கே உள்ள திரவம், காட்டும் அளவை 12 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்திவிடுகிறது.

வடகடலில் பல நிறுவனங்களின் வயல்களிலிருந்து வரும் வாயு ஒரே குழாயில் கலந்து கரைக்கு வருவதால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பது இத்தகைய அளவீடுகளைச் சார்ந்தது. வென்சுரிமானியின் இந்த மிகைக்காட்டல் குழாயின் அழுத்தத்தையும் வாயுவின் வேகத்தையும் பொறுத்து மாறும் என்று டி லீவ் என்ற ஆய்வாளர் 1997-இல் காட்டினார். ஆனால் அவருடைய திருத்தத்தைப் பயன்படுத்தவும் திரவத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வாயுவை அளக்கப் பொருத்திய கருவியிடம் அதைக் கேட்க முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வாயுவையும் திரவத்தையும் சோதனைப் பிரிகலனில் பிரித்து அளக்கலாம், திரவத்தில் சுவடுகாண் சாயம் செலுத்தி அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்க்கலாம், அல்லது மானிக்குப் பின்னால் மூன்றாவது அழுத்தத் துளை வைத்து, கழுத்தைக் கடந்த பிறகும் மீளாமல் நிலையாக இழக்கப்படும் அழுத்தத்திலிருந்து திரவத்தைக் கணிக்கலாம். கடைசி வழி சிக்கனமானது, ஆனால் திரவம் மிகுந்துவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

ஆகவே, எரிவாயு உற்பத்திப் புள்ளிவிவரங்களை இனி வெளியிடும்போது, அளவீடு பிரிகலனுக்கு முன்னா பின்னா எடுக்கப்பட்டது என்பதையும், அதன் பிழை வரம்பையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கருவியியல் பொறியாளர் ஒருவர்,
காரைக்கால்.