பூஸ்ட், ஓவர்டிரைவ் பெடல் வாங்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வேண்டும், எதை எடுக்கலாம்?" என்று போன் செய்கிறீர்கள். நாங்கள் உடனே "எந்த ஆம்ப்பில் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். பெடல் (காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி) கேட்டால் ஆம்ப்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) ஏன் விசாரிக்கிறார்கள் என்று சிலருக்குச் சலிப்பு வந்திருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாங்கள் எந்தப் பெடலையும் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்பதைக் கடையில் கூட்டத்துக்கு நடுவே நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதி அனுப்புகிறோம்.

முதலில் பூஸ்ட். அதற்கு ஒரே வேலைதான். கிட்டாரிலிருந்து வருகிற சிக்னலைப் பெரிதாக்கி, அடுத்து இருப்பதன் தலையில் கொண்டுபோய் இறக்கும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1968-ல் ஆரம்பித்தபோது கொண்டுவந்த எல்பிபி-1 பெடலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு டிரான்சிஸ்டர், மேலே ஒரே ஒரு குமிழ். எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப்புக்கும் ஒரே குமிழ்தான். முழுக்கத் திருப்பினால் 26 டெசிபல் ஏற்றும். வோல்டேஜ் கணக்கில் அது 20 மடங்கு.

அந்த 20 மடங்கு சிக்னல் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் காதில் என்ன விழும் என்பது முடிவாகிறது. வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடுவது) வைத்திருக்கிறீர்கள், அதன் வால்யூமை ஏற்கெனவே ஒலி உடையப்போகிற, அதாவது கரகரக்கத் தொடங்குகிற இடம் வரை கொண்டுபோயிருக்கிறீர்கள் என்றால், பூஸ்டை மிதித்ததும் சத்தம் அவ்வளவாக ஏறாது. வால்வுகள் திணறி, ஒலி தடித்து, நோட் நீண்டு நிற்கும். அதே பூஸ்டை ரோலண்ட் ஜேசி-120 மாதிரியான டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் போட்டுப் பாருங்கள். 1975-லிருந்து வருகிற அந்த ஆம்ப்பின் பெருமையே எவ்வளவு ஏற்றினாலும் சுத்தமாக நிற்பதுதான். அங்கே பூஸ்ட் கொடுத்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். "பூஸ்ட் வாங்கினேன், சத்தம்தான் ஏறுது, டிரைவ் வரவே இல்லை" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களின் பெடலில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருப்பதில்லை. ஆம்ப் உடைய மறுக்கிறது, அது அதன் குணம்.

பழைய பிரிட்டிஷ் கிட்டார் ஒலிக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கூட்டணிதான். 1960களின் நடுவில் வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் ஒரு டிரெபிள் பூஸ்டர். உள்ளே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் மட்டும்தான். பேஸைக் குறைத்து மேல் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். புளூஸ் ராக் கிட்டார்காரர் ரோரி கேலகர் அதை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் சொருகினார். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி மாற்றங்கள் செய்த ஒரு ரேஞ்ச்மாஸ்டரை லேனி ஆம்ப்பில் வைத்து வாசித்தார். முழு வால்யூமில் ஓடுகிற வால்வு ஆம்ப்பில் பேஸ் அதிகமானால் ஒலி குழம்பிப் போகும். அங்கே டிரெபிள் பூஸ்டர் கைகொடுத்தது. அதையே வீட்டில் இருக்கும் 10 வாட் பயிற்சி ஆம்ப்பில் போட்டால் காதைக் கிழிக்கும். பெரியவர்கள் பயன்படுத்திய பெடல் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம் என்று நாங்கள் தடுப்பது இதனால்தான்.

சரி, ஓவர்டிரைவுக்கு வருவோம். பூஸ்ட் மற்றதை உடைக்கிறது. ஓவர்டிரைவ் தனக்குள்ளேயே உடைத்துக்கொள்கிறது. ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமரை வைத்தே சொல்கிறோம், நீங்கள் அதிகம் கேட்பதும் அதைத்தான். 1979-ல் டிஎஸ்808, 1982-ல் டிஎஸ்9 என்று அதன் மாடல்கள் வந்தன. மூடியைத் திறந்தால் நடுவில் 4558 என்று எண் போட்ட ஒரு சிப், அதைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் வைத்த இரண்டு சிலிக்கான் டயோடுகள். சிப் சிக்னலைப் பெருக்குகிறது. அது ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டும்போது டயோடுகள் திறந்து, அதற்கு மேல் ஏறவிடாமல் முனையை மழுக்குகின்றன. டயோடுகள் சிப்பின் பின்னூட்டப் பாதையில் (வெளியே வருவதைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் பாதையில்) உட்கார்ந்திருப்பதால் சட்டென வெட்டாமல் மெதுவாகவே மழுக்கும். போஸ் டிஎஸ்-1 மாதிரியான டிஸ்டார்ஷன் பெடல்களில் டயோடுகள் சிக்னலை நேராக கிரவுண்டுக்கு இழுத்து வெட்டுகின்றன. காதில் விழும் கடுமைக்கு அதுவே பெரிய காரணம்.

எவ்வளவு உடைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் டியூப் ஸ்கிரீமர் சுத்தமான பூஸ்ட் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. பூஜ்யத்திலும் அந்த சிப் மேல் அலைவரிசைகளைச் சுமார் 12 மடங்கு பெருக்குகிறது. சிங்கிள் காயில் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருளிலிருந்து) 0.1 வோல்ட் வந்தாலே 12 மடங்கு 1.2 வோல்ட் ஆகிவிடும். டயோடுகள் வேலையைத் தொடங்கிவிடும். இன்னும் பலமான சிக்னல் தரும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். சுத்தமான பூஸ்ட்தான் வேண்டும் என்றால் பூஸ்ட் பெடலையே வாங்குங்கள்.

இதோடு இன்னொன்று. அந்தச் சிப் எல்லா அலைவரிசைகளையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. 720 ஹெர்ட்சுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். உங்கள் ஆறாவது கம்பியின் திறந்த ஈ 82 ஹெர்ட்ஸ். ஆகவே பேஸ் பகுதி அதிகம் உடையாமல் மெலிந்து வருகிறது. பின்னால் இருக்கும் டோன் பகுதி டிரெபிளையும் அடக்குகிறது. மிச்சம் முன்னுக்கு வந்து நிற்பது மிட், அதாவது நடு அலைவரிசைகள். வீட்டில் தனியாக வாசித்தால் இது மூக்கடைத்த மாதிரி கேட்கும். "என்னங்க, இவ்வளவு பேர் புகழ்கிற பெடல் இப்படி இருக்கே" என்று அப்போதுதான் எங்களுக்குப் போன் வருகிறது. அதே பெடலைக் கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் மேடைக்குக் கொண்டுபோங்கள். பேஸை பேஸ் கிட்டார்காரர் பார்த்துக்கொள்கிறார், மேலே சிம்பல் இருக்கிறது, நடுவில் உங்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கிறது. அமெரிக்க புளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் சிங்கிள் காயில் கிட்டாரோடு டியூப் ஸ்கிரீமரை ஃபெண்டர் ஆம்ப்களில் வைத்து வாசித்ததிலும் இந்தப் பொருத்தம் தெரியும். பழைய ஃபெண்டர்களில் மிட் இயல்பாகவே குழிந்திருக்கும். பெடல் அந்தக் குழியை நிரப்பியது.

மெட்டல் வாசிக்கிற தம்பிகள் இதையே வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆம்ப்பில் ஏற்கெனவே நிறைய கெயின் (பெருக்கம்). அதற்கு முன்னால் டியூப் ஸ்கிரீமர், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசாக. பேஸ் மெலிந்து போவதால் கீழ்க் கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிப் பாம் மியூட் செய்யும்போது கொழகொழப்பு இல்லாமல் இறுக்கமாக வரும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் ஒரே ஒரு கிட்டாரும்தான் உங்கள் கச்சேரி என்றால் டியூப் ஸ்கிரீமரை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டோம். உங்களுக்கு முழு டிரைவையும் பெடலேதான் உருவாக்கித் தர வேண்டும், பேஸையும் தின்னக் கூடாது. போஸ் பிடி-2 புளூஸ் டிரைவரை இதற்குத் தைரியமாகச் சொல்கிறோம். 1995-லிருந்து வருகிறது. கெயின் குறைவாக வைத்தால் லேசான உடைசல், ஏற்றினால் கிட்டத்தட்ட ஃபஸ் எனப்படும் முரட்டு உடைசல் வரை போகும். டிரெபிள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். டோன் குமிழைப் பாதிக்கும் கீழே வைத்துத் தொடங்குங்கள். கார்டு வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அளவான டிரைவ் போதும் என்பவர்களுக்கு 1991-ல் வந்த மார்ஷல் புளூஸ்பிரேக்கர் பெடலின் வழியில் வந்தவை பொருந்தும். கையழுத்தத்துக்கு அவை நன்றாகப் பதில் சொல்லும்.

முதல் பெடல், பட்ஜெட் குறைவு என்றால் போஸ் எஸ்டி-1. 1981-லிருந்து வந்துகொண்டிருக்கும் பெடல் அது. டியூப் ஸ்கிரீமர் போலவேதான் உள்ளே, ஆனால் ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு. அதனால் அலையின் இரு பாதிகளும் சமமாக மழுங்குவதில்லை, ஒலியில் கொஞ்சம் கரடு இருக்கும். அதைவிடவும் குறைவாக வேண்டும் என்றால் ஜோயோ வின்டேஜ் ஓவர்டிரைவ் இருக்கிறது, பெஹ்ரிங்கர் டிஓ800 இருக்கிறது. பெஹ்ரிங்கரின் பெட்டி பிளாஸ்டிக். ஒலியில் குறை சொல்ல மாட்டோம், மேடையில் ஷூ காலோடு மிதிக்கிறவர்களுக்கு மட்டும் யோசித்துக் கொடுப்போம்.

க்ளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடலைப் பற்றிக் கேட்காத வாரமே இல்லை. பில் ஃபின்னெகன் 1994-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. ஏறத்தாழ 8000 பெடல்களோடு நின்றுவிட்டது. இன்று பழையது ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய். 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்கிற ஏற்பாடு, ஜெர்மானியம் டயோடுகள், உடையாத சிக்னலைக் கூடவே கலந்து விடுவது என்று அதில் நல்ல யோசனைகள் உண்டு. பலரும் அதைக் கெயின் குறைத்து பூஸ்டாகவே பயன்படுத்துகிறார்கள். அதே வழியில் செய்த எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட்டை வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆம்ப் வாங்குங்கள். உங்கள் டோனுக்கு அதுதான் அதிகம் செய்யும். 4558 சிப்பை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கும் இதே நேர்மையில் சொல்கிறோம்: சிப்பை மாற்றுவதைவிட அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளை மாற்றினால்தான் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் வரும்.

இனி சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்களில் பலருக்கு மேடையில் ஆம்ப்பே கிடையாது. பெடலிலிருந்து டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அங்கிருந்து நேராக மிக்சர். இந்த வழியில் எவ்வளவு விலையுயர்ந்த ஓவர்டிரைவும் கொசு ரீங்காரம் மாதிரிதான் வரும், சவுண்ட்காரர் மேல் பழி போட்டுப் பயனில்லை. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்சுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். உடைந்த சிக்னலில் அதற்கு மேலே கிடக்கும் கரகரப்பு முழுவதையும் அது வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. மேடை ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் அப்படியே கூட்டத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே நேராக மிக்சருக்குப் போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது கேபினட் சிமுலேட்டர் (கிட்டார் ஸ்பீக்கர் மாதிரியே ஒலியை மாற்றித் தரும் கருவி), அல்லது அந்த வசதியுள்ள மல்டி எஃபெக்ட்ஸ் (பல எஃபெக்ட்கள் சேர்ந்த ஒரே பெட்டி). மல்டி எஃபெக்ட்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால், ஓவர்டிரைவை அதற்கு முன்னால் போட்டு, உள்ளே ஓர் ஆம்ப் மாடலையும் கேபினட்டையும் இயக்கத்தில் வையுங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் எந்தப் பெடலும் தேவைப்படாது. தேவைப்படாது என்றால் தேவைப்படாது என்றே சொல்வோம், பயப்படாமல் கேளுங்கள்.

பூஸ்டும் ஓவர்டிரைவும் இரண்டும் இருந்தால் எது முன்னால்? சோலோவில் சத்தம் ஏற வேண்டும் என்றால் பூஸ்ட் பின்னால். முன்னால் வைத்தால் ஓவர்டிரைவ் இன்னும் உடையும், நோட் நீளும், சத்தம் அதிகம் ஏறாது. ஆம்ப்பின் முன்பகுதியே உடைகிறது என்றால் சத்தத்துக்கான பூஸ்டை ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (அந்த முன்பகுதிக்குப் பின்னால் பெடல் சொருகும் இணைப்பில்) வையுங்கள்.

அடாப்டர் விஷயம். சர்வீசுக்கு வருகிற பெடல்களில் நிறைய தவறான அடாப்டரால் வந்தவை. வைஃபை பெட்டியின் அடாப்டர் சொருக்கில் பொருந்துகிறது என்று போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். போஸ், ஐபனீஸ் மாதிரியான இன்றைய பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ். 18 வோல்ட் தாங்கும் ஓவர்டிரைவுகள் சில உண்டு. பெட்டியிலோ கையேட்டிலோ அப்படிப் போட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். பழைய ஜெர்மானியம் ஃபஸ் சிலவற்றில் பிளஸ்தான் கிரவுண்ட், அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே சரவயரில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குப் பிரியும் வயரில்) இணைக்கவே கூடாது. பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிடுங்கள். அந்த ஜாக்தான் சுவிட்ச். கேபிள் உள்ளே இருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கடைக்கு வந்து சோதிக்கும்போது ஒரு வேண்டுகோள். இரண்டு பெடல்களை ஒப்பிடும்முன், பெடலை அணைத்தபோது இருக்கும் சத்தத்துக்கே இரண்டின் லெவலையும் கொண்டுவாருங்கள். சத்தம் கூடியதைக் காது நல்ல டோன் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு துளி லெவல் அதிகமான பெடலே எப்போதும் ஜெயிக்கும். லெவல் சமமானதும் கிட்டாரின் வால்யூமை 4, 5 வரை இறக்கி ஒரு திறந்த ஈ கார்டு வாசியுங்கள். நல்ல ஓவர்டிரைவ் அங்கே சுத்தமாகத் தெளியும். குறைந்த வால்யூமிலும் கரகரத்துக்கொண்டோ மங்கியோ இருந்தால் அந்தப் பெடல் உங்கள் பிக்கப்புக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் வால்யூமை முழுசாக ஏற்றி, ஒற்றை நோட்டை இழுத்துப் பிடித்து, அது எப்படி அடங்குகிறது என்று கேளுங்கள்.

உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் கட்டாயம் கொண்டு வாருங்கள். முடிந்தால் ஆம்ப்பின் போட்டோவும், குமிழ்கள் வழக்கமாக எங்கே இருக்கும் என்பது தெரியும்படி. சோதனை அறையில் ஒரு சின்ன வால்வு ஆம்ப்பும் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் மிக்சரோடு ஒரு மேடை ஸ்பீக்கரும் வைத்திருக்கிறோம். நீங்கள் எதில் வாசிக்கிறீர்களோ அதிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும். வாரநாள் மதியம் வந்தால் சத்தமாகவும் நிதானமாகவும் வாசிக்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து