கோடை முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது. விரித்த பாய்களைச் சுருட்டி வைப்பதற்குள் இந்த நன்றியை எழுதிவிட நினைத்தேன்.

முதலில் நூலகர் அக்காவுக்கு. எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று பட்டியல் போட்டு எடுத்துவந்தேன். நீங்கள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "முதல்ல அவங்களே அலமாரியில கை வைக்கட்டும்" என்றீர்கள். நூலக இயலுக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்து 1931இல் நூலாக வந்த ஐந்து விதிகளில், 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பதும் ஒன்று. அதன் பொருளை உங்கள் அலமாரிக்கு முன்னால்தான் கண்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவே கூச்சப்பட்ட ஒன்பது வயதுப் பையன், எரிமலைப் படங்கள் நிறைந்த புத்தகத்தையே நான்கு முறை எடுத்துப் போனான். மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தடுத்தீர்கள். நான்காம் வாரம் படத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தினமும் கதை வாசித்த தாத்தா, கதாநாயகி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். மறுநாள் நீங்கள் வருவதற்குள் மூன்று பேர் அந்த அத்தியாயத்தை முடித்திருப்பார்கள். தாமாகப் படிக்க முடியாத சொற்களையும் பிள்ளைகள் காதால் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். அது உங்கள் குரல் செய்த வேலை.

படக்கதை, விடுகதை என்று பெட்டி பெட்டியாகக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

பெற்றோருக்குத்தான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். "எத்தனை பக்கம் முடிச்ச? கதையில என்ன நீதி?" என்று கேட்காமல் இருக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! பாதியில் வைத்த புத்தகத்தையும் பொறுத்துக்கொண்டீர்கள். ஒன்றும் சொல்லித்தராமல் கோடையை வீணாக்குகிறோமோ என்று எனக்குள்ளும் பயம் இருந்தது. அமெரிக்காவில் வாசிப்பு ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிங்டன் குழுவினர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள், அவர்களே தேர்ந்தெடுத்த புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களை முந்தியதை 2010இல் வெளியிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மனம் நிலைகொண்டது.

இரண்டு புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கின்றன என்று தெரியும். யாரும் கேட்க வேண்டாம். படித்து முடித்துக் கொண்டுவரட்டும்.

நன்றியுடன்,
கோடை வாசிப்பு வட்டத்தை ஒருங்கிணைத்தவள்