ஆட்டிசமா, ஏடிஹெச்டியா என்ற கேள்வியே தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் (மற்றவர்களுடன் பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) பற்றிய செய்திகளில் அஸ்பெர்ஜர், பிடிடி (பரவலான வளர்ச்சிக் குறைபாடு) என்ற பழைய பிரிவுகள் இன்னும் இடம்பெறுகின்றன. மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தபோதே இவற்றை 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்துவிட்டது. அதிலுள்ள 1, 2, 3 நிலைகள் எவ்வளவு உதவி தேவை என்பதைக் குறிப்பவை. அறிவுத்திறனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

ஆட்டிசம் இருந்தால் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்றும் சேர்த்து எழுதக்கூடாது என்ற பழைய விதியையும் அதே கையேடு நீக்கியது. ஆனாலும் 'இதுவா, அதுவா' என்றுதான் பெற்றோர் இன்றும் அலைகிறார்கள். இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம். அறிவுசார் குறைபாடும் வலிப்பும்கூடச் சேர்ந்து வரலாம். ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தினால் மற்றது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் காரணமாகலாம், வேறொன்றில் கவனம் சிதறியிருக்கலாம், காது கேளாமலும் இருக்கலாம். "பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்பார்கள். இதை நம்பிவிடக் கூடாது. சில அலைவரிசை ஒலிகள் மட்டும் கேட்காத குறைபாடும் உண்டு. அதனால் காது பரிசோதனைதான் முதலில். சொன்னபடி ஒத்துழைக்காத சிறு குழந்தைக்கு, தூங்கும்போது எடுக்கும் பெரா பரிசோதனை (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளப்பது) இருக்கிறது.

பேச்சு மட்டும் தாமதமான குழந்தை பெரும்பாலும் சைகையால் ஈடுகட்டும். நிலாவைச் சுட்டிக்காட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஆட்டிசத்தில் இந்தப் பகிர்வுதான் குறைவு. வேண்டியதை எடுக்க நம் கையைப் பிடித்து இழுத்துப்போவது அதிகம். ஆனால் கண் பார்த்துப் பேசுகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் இல்லை என்று அனுப்பிவிடுவது பெரிய தவறு. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் குழந்தை கைகளைப் பயன்படுத்துவதை இழந்து, ஓயாமல் பிசைந்துகொண்டிருந்தால் ரெட் நோய்க்குறி என்ற அரிய மரபணுக் கோளாறுக்கான சோதனையும் தேவை.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் பயன்பட்டுவரும், ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான ஐஎஸ்ஏஏ-வில் 40 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் 40 வரும். 70-க்குக் கீழ் ஆட்டிசம் இல்லை என்று பொருள். உடனிருக்கும் ஏடிஹெச்டியை இந்த எண் காட்டாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பட்டியலிடுகிறது. எனவே ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்டதா, முடிவு என்ன என்று அறிக்கையில் எழுதித் தரும்படி பெற்றோர் கேட்க வேண்டும்.

டிஇஐசி எனப்படும், குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் அரசு மாவட்ட மையங்களில் இந்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணமில்லை. போகும்போது குழந்தை வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அது வழக்கம்போல் நடந்துகொள்ளாது. அறிக்கை வரும்வரை ஸ்பீச் தெரபியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வியாளர்கள்,
மதுரை.